ஆபீஸ் வயசு

அத்தியாயம் 11

"உங்கப்பாவுக்கு என்ன வயசும்மா?"

எட்டு நாளைக்கு முன்னால் ஈப்போவில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பரமேஸ்வரியிடம் கேட்ட கேள்வி இது. அவள் யோசிக்கவே இல்லை. "அறுபத்தி நாலு டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். தபால் ஆபீசோ, கிளினிக்கோ, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யார் கேட்டாலும் அவள் வாயில் வருவது ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கிற வயதுதான். சின்ன வயதிலிருந்தே அப்படிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள்.

டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பெட்டியின் கண்ணாடியில் பச்சை எழுத்தில் 64 என்று விழுந்தது.

அந்த மிஷன் ஆஸ்பத்திரி அறையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கருப்பையாவின் இரைப்பை வாசலில் புற்றுக்கட்டி. முந்தாநாள் குடித்த கஞ்சி இன்றைக்கு வாந்தியாக வருகிறது. அறுத்து எடுப்பதா, எடுக்காமல் இருக்கிற நாளை நிம்மதியாகக் கழிக்க விடுவதா என்று டாக்டருக்கே ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. லண்டனில் படித்துவிட்டு வந்த மனிதர். வரும்போது அந்தக் கம்ப்யூட்டரையும் கூடவே கொண்டு வந்திருந்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ள உங்கப்பா மாதிரியே ஆயிரம் பேரை உண்டாக்கப் போறேன்" என்றார். "அதே வயசு, அதே எடை, அதே இருமல், அதே கட்டி. அத்தனை பேருக்கும் ஆபரேஷன் செஞ்சு பார்க்கும். பிறகு செய்யாமலும் விட்டுப் பார்க்கும். நிஜத்துல ஒரு மனுஷனை ரெண்டு விதமாவும் வச்சுப் பார்க்க முடியாதில்லையா? இதுல முடியும். யாருக்கு நல்ல நேரம், யாருக்குக் கெட்ட நேரம்னு சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி அதுவே போட்டுக்கும். கடைசியில எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு எண்ணிச் சொல்லும்."

"அந்த ஆயிரம் பேரும் எந்த எஸ்டேட்டு டாக்டர்?" என்று கேட்டார் கருப்பையா. "நம்ம ஆளுங்களா?"

டாக்டர் சிரித்தார். பரமேஸ்வரியின் அண்ணன் சுகுமாரன் மட்டும் சிரிக்கவில்லை.

ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் பதில் வந்தது. ஆபரேஷன் செய்த ஆயிரம் பேரில் இருநூற்று இருபது பேர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து நூற்றுத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். செய்யாமல் விட்டவர்களில் ஆறே பேர்.

சுகுமாரன் முதல் எண்ணிலேயே நின்றுவிட்டான். "அஞ்சுல ஒருத்தன் மேசையிலேயே போறான். நான் எங்கப்பாவை அதுல படுக்க வைக்க மாட்டேன்."

"ரெண்டு பக்கமும் இழுக்குது. முடிவு உங்களோடது" என்றார் டாக்டர். "செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லுங்க. வியாழக்கிழமைக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்."

இன்றைக்குத்தான் செவ்வாய்க்கிழமை.

பரமேஸ்வரி வேலைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து அப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார். துடைத்துவிட்டு வந்து, அலமாரிக்கு மேலே சுருண்டு கிடந்த அந்தக் காகிதத்தைத் தரையில் விரித்தாள். இரண்டாம் பாரம் வரைக்கும் படித்த இங்கிலீஷ் அவளுக்கு அதற்குப் போதும்.

முதல் வரியில் வயது. 64.

எடை சரி. இருமல் சரி. கட்டியின் அளவு சரி. அந்த முதல் வரி மட்டும் பொய். பொய்யைக் கொடுத்து ஆயிரம் பேரை உண்டாக்கி, ஆயிரம் பேரையும் வாழவிட்டு, சாகவிட்டு, எண்ணியும் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆயிரத்தில் ஒருத்தன்கூட அவள் அப்பா இல்லை.

சொன்னது அவள் வாய்தானே.

அடுப்படியில் பலகையில் உட்கார்ந்திருந்தார் கருப்பையா. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். போன வருடம்வரை லெம்பா பெர்த்தாமில் சீனன் தோட்டத்து முட்டைக்கோஸ் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு சரிவேறிய மனிதர்.

"அப்பா, உங்க வீட்டு வயசு என்ன? ஆபீஸ் வயசு இல்ல."

அவர் சட்டென்று சுவரைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டு ருக்குமணிக்குக் காது பலகைச் சுவத்துலதான் ஒட்டியிருக்கு."

"சொல்லுங்கப்பா."

"அம்பத்தேழு" என்றார் உதட்டை மட்டும் அசைத்து.

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். நாற்பதாம் வருடம், காய்ச்சலில் அப்பனையும் ஆத்தாளையும் பறிகொடுத்துவிட்டு, கங்காணி மாமாவின் பின்னால் இந்த மலைக்கு ஏறி வந்த பதினொரு வயதுப் பையன். சின்னப் பையனுக்கு அரைக் கூலி. அரைக் கூலிக்காரனுக்கு அரை அரிசி. மாமா யோசித்தார். ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் பேர் எழுத வந்த கிராணியிடம், "பதினெட்டு முடிஞ்சிடுச்சுங்க" என்றார். கிராணி ஏற இறங்கப் பார்த்தார். பையன் குதிகாலைத் தூக்கி நின்றான். கிராணி சிரித்துக்கொண்டே பதினெட்டு என்று எழுதினார். எட்டு வருடம் கழித்து ஐ.சி. கொடுக்க வந்தவர்கள் செக்ரோலைப் பார்த்து அதையே எழுதிக்கொண்டார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்ப்பா. போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

"வேணாந்தாயி." கருப்பையா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்புதான் பிடித்தது. "எழுபதுல என்ன ஆச்சு? ஐ.சி. காட்டு சரியில்லாதவன் எல்லாம் வேலையில்லேன்னு இந்தியாவுக்குக் கப்பலேறினான். என்கூட ஒரே கட்டில்ல படுத்த இருளப்பன் போனான். நான் பிரஜைன்னு நீல ஐ.சி. வச்சிருக்கேன்னா அது பொய்யில வாங்கினது. எடுத்துக்கிட்டாங்கன்னா? சுகுமாரன் கவர்மென்ட் வேலை என்ன ஆகும்?"

"பொய் சொன்னது உங்க மாமா."

"குதிகாலைத் தூக்கினது நான்தானே."

பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு நன்றாக வரும். கருப்பையாவே கேட்டார்.

"அம்பத்தேழுன்னு போட்டா அந்தப் பொட்டி என்ன சொல்லும்?"

அவர் குரலில் இருந்தது ஆசை. எட்டு நாளாக அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. பரமேஸ்வரி எழுந்து செருப்பை மாட்டினாள்.

எஸ்டேட் ஆபீசுக்குக் கால் மணி நேர நடை. வழியெல்லாம் எழுபத்தேழாம் வருடம் அவள் கூடவே நடந்து வந்தது.

ஆபீஸ் கணக்கில் அம்பத்தைந்து ஆகிவிட்டது என்று அந்த வருடம்தான் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிஜத்தில் நாற்பத்தெட்டு. செக்ரோலில் பேர் இல்லாதவனுக்கு எஸ்டேட் லயத்தில் வீடு இல்லை. அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா பயத்தை விழுங்கிக்கொண்டு ஐ.சி.யைத் திருத்த ஈப்போவுக்குக் கிளம்பினார். அரசாங்க வேலைக்கு நேர்முகத்துக்குக் காத்திருந்த சுகுமாரன் வாசலில் மறித்து நின்றான். "இப்பப் போய் ஐ.சி. காட்டுல கை வச்சீங்கன்னா எனக்குக் கேள்வி வரும்பா. ஒரு மாசம் பொறுங்க." பொறுத்தார்கள். பொறுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. பதினாலு வயதுப் பரமேஸ்வரியின் பேரை செக்ரோலில் எழுதினார்கள். வீடு தங்கியது. அண்ணனுக்கு வேலை கிடைத்தது. ஐ.சி.யைத் திருத்துவது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஆபீசில் மருந்துச் சீட்டுக்கு ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். பெரிய கிராணி அமிர்தலிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு, பரமேஸ்வரியா? ஒன்பது வருஷமா செக்ரோல்ல பேர் கூப்பிடுறேன், நீ 'உள்ளேன்'னு சொல்லி நான் கேட்டதில்ல. கையைத்தான் தூக்குவ. இன்னைக்கு என்ன?"

"போன் வேணுங்கய்யா. ஆஸ்பத்திரிக்கு."

டெலிபோன் அவர் மேசையிலேயே இருந்தது. வேறு எங்கும் இல்லை. அவர் எழுந்து போவார் என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். அவர் போகவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

ஈப்போ கிடைக்க நேரமானது. கிடைத்ததும் காதில் மழை பெய்வது போலச் சத்தம்.

"டாக்டர், நான் பரமேஸ்வரி... கருப்பையா மக... அப்பா வயசு..."

"கேட்கலம்மா! சத்தமாச் சொல்லுங்க!"

"அப்பா வயசு தப்பா..."

"என்னது? சத்தமா!"

பின்னால் வரிசை மூச்சடங்கி நின்றது. அமிர்தலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். நாற்பத்தாறு வருடம் சுவருக்குக் கேட்காமல் பேசிய விஷயம்.

"அம்பத்தேழு!" என்று கத்தினாள் பரமேஸ்வரி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அப்பாவுக்கு அம்பத்தேழு! அறுபத்தி நாலு இல்ல! ஐ.சி. வயசு பொய்!"

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "நான் ஐ.சி.யைக் கேட்கலம்மா. அந்த உடம்புக்கு எத்தனை வயசுன்னுதான் கேட்டேன். அங்கயே இருங்க. திருப்பிப் போட்டுப் பார்த்துட்டுக் கூப்பிடுறேன். அரை மணி நேரம் ஆகும்."

போனை வைத்தாள். போலீசைக் கூப்பிடுவாரா, துரையைக் கூப்பிடுவாரா என்று கிராணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமிர்தலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுக்கா இப்படி வேர்த்துப் போச்சு? அட போம்மா! இந்த எஸ்டேட்டுல எவன் வயசுதான் சரியா இருக்கு? பழைய செக்ரோலைக் கூட்டிப் பார்த்தா பாதிப் பேரு பொறக்கறதுக்கு முன்னாலயே கொழுந்து எடுத்திருக்கான். எத்தனையோ பேரு போயி சத்தியக் கடுதாசி கொடுத்து மாத்திட்டு வந்துட்டான் லா. எவனையும் யாரும் கப்பல்ல ஏத்தல."

வரிசையும் சிரித்தது. பரமேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கடுதாசி. அவ்வளவுதானா? அதற்காகத்தான் அவள் படிப்பு பாழாய்ப் போனதா? பெஞ்சில் உட்கார்ந்து, சேலை நுனியைச் சுருட்டிச் சுருட்டி, எங்கோ ஈப்போவில் ஒரு பெட்டிக்குள் ஆயிரம் புதுக் கருப்பையாக்கள் ஒவ்வொருவராக மேசையில் படுத்து எழுவதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

"கேளுங்கம்மா" என்றார் டாக்டர். "அறுபது தாண்டி இருமலும் இருந்தா அது வேற வரிசையில போட்டுடும். அதுதான் முன்ன வந்தது. இப்ப வீடு திரும்பாதவங்க தொண்ணூறு. ரெண்டு வருஷம் தாண்டுறவங்க முந்நூத்தி அறுபது. இது ஜோசியம் இல்ல. உங்கப்பா அந்தத் தொண்ணூறுல இருப்பாரா, முந்நூத்தி அறுபதுல இருப்பாரான்னு பெட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா என்னைக் கேட்டா இப்ப ஆபரேஷன்தான் சொல்வேன்."

"செஞ்சிடுங்க டாக்டர்."

"ரெண்டு விஷயம். அன்னைக்கு ரத்தம் பார்த்தோமே, உங்களுக்கு ரத்தம் கம்மி, எடுக்க முடியாது. உங்க அண்ணனோடது பொருந்துது. அப்பாவோடது லேசுல கிடைக்காத வகை, இங்க கையிருப்பு இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அண்ணன் ரத்தம் கொடுக்க வந்தாகணும். இல்லேன்னா வியாழக்கிழமை இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவேன். பிறகு மூணு வாரம். கட்டி மூணு வாரம் சும்மா இருக்காது."

"ரெண்டாவது?"

அவர் தயங்கினார். "அண்ணன்கிட்ட நீங்க கொஞ்சம் பேசுங்க. காலையில ஒன்பது மணிக்கு அவர் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு கேட்கல. ஆளைப் பார்த்தா அறுபத்தி நாலு மாதிரி இல்லையே, வயசு சரிதானான்னு நானே கேட்டேன். சரிதான்னு சொன்னாரு."

சுகுமாரன் ஐந்து மணிக்கு வந்தான். தானா ராத்தாவில் அரசாங்க ஆபீஸ் வேலை முடிந்து நேரே மோட்டாரில் வந்திருந்தான். ஹெல்மெட்டை மேசையில் வைத்த வேகத்திலேயே தெரிந்தது, செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்விட்டதென்று.

"வழியில நிப்பாட்டிச் சிரிக்கிறாரு அந்தக் கிராணி. 'உங்கப்பா ஒரே நாள்ல ஏழு வயசு இளமையாயிட்டாராமே'ங்கிறாரு. ஆபீசுல நின்னு கத்தினியாமே? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்."

"கேட்கலேன்னாரு டாக்டர்."

"காகிதத்துல ஏழு வயசு குறைஞ்சா வயித்துல இருக்கறது குறைஞ்சிடுமாடி? கம்ப்யூட்டரை ஏமாத்தி அப்பாவை அறுக்கப் பார்க்கிறியா?"

"ஏமாத்தினது போன வாரம் அண்ணே."

கருப்பையா சுவரில் சாய்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிராணி சிரித்த கதையை மத்தியானமே மகள் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "ஒரு கடுதாசிக்கா நான் நாப்பத்தாறு வருஷம் பயந்து செத்தேன்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயத்தை மகள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது.

"டாக்டர் காலையில உன்கிட்டயும் கேட்டாராம்."

சுகுமாரன் முகம் மாறியது.

"என்ன கேட்டாரு?" என்றார் கருப்பையா.

சுகுமாரன் மேசையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தான்.

"பரமு, என்ன கேட்டாரு?"

"அறுபத்தி நாலு சரிதானான்னு."

"இவன் என்ன சொன்னான்?"

பரமேஸ்வரி தரையைப் பார்த்தாள். கருப்பையா மகனைப் பார்த்தார்.

"வேற என்னத்தைச் சொல்றது?" சுகுமாரன் வெடித்தான். "நான் கவர்மென்ட் ஆளு. ஐ.சி.யில இருக்கறதைத்தான் சொல்ல முடியும்."

"எழுபத்தேழுலயும் இதையேதான் சொன்ன" என்றார் கருப்பையா.

"ஆமா, சொன்னேன்! அப்ப எனக்கு இருபது வயசு, பயந்தேன். இப்ப ஒரே ஒரு போனுல மாத்திடலாம்னா என்ன அர்த்தம்? அப்பவும் மாத்தியிருக்கலாம்னு அர்த்தம். நீங்க இன்னும் ஏழு வருஷம் மரியாதையா வேலை பார்த்திருக்கலாம், சீனன் தோட்டத்துல கூடை தூக்கியிருக்க வேணாம்னு அர்த்தம். இவ படிச்சிருக்கலாம்னு அர்த்தம். எல்லாம் என்னாலன்னு அர்த்தம். அதைத்தானே மனசுல வச்சிருக்க? சொல்லுடி! ஒன்பது வருஷமா மூஞ்சியிலயே வச்சுக்கிட்டுத் திரியிற, வாயைத் தொறந்து சொல்லித் தொலை!"

"நான் சொல்லல அண்ணே" என்றாள் பரமேஸ்வரி. "நீதான் சொல்ற."

பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

கருப்பையா சுவரைப் பிடித்து எழுந்தார். பிடிக்கப் போன மகளைக் கையால் தடுத்தார். மகன் முன்னால் போய் நின்றபோது அவன் தோள் உயரத்துக்குத்தான் இருந்தார்.

"உனக்குப் பயம் இருந்துச்சு. சரி. எனக்கும் இருந்துச்சு. என்னைப் பார்த்துதான் நீ பயப்படக் கத்துக்கிட்ட, அதை நான் இல்லேன்னு சொல்லல. ஆனா காலையில அவரு கேட்டப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்ன."

"அப்பா..."

"நான் போறேன்டா. நாளைக்கு விடிஞ்சதும் தாப்பா பஸ்ஸைப் பிடிச்சு ஈப்போ போறேன். ஆபரேஷன் காகிதத்துல பெருவிரலை நானே வைக்கிறேன். தொண்ணூறு பேருல ஒருத்தனாப் போனா போறேன். நான் யாருங்கிறதாவது சரியா எழுதிட்டுச் சாகறேன்." மூச்சு வாங்கியது. நின்று, மறுபடி பேசினார். "ஆனா ரத்தம் வேணுமாம். இவளுக்கு இல்ல. உன்னோடதுதான் பொருந்துதாம். மத்தியானத்துக்குள்ள வேணுமாம். நீ வரலேன்னா மேசை இல்ல."

சுகுமாரன் தங்கையைப் பார்த்தான். இது அவனுக்குப் புதிது. நிஜமா என்பது போலப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"உன்னைக் கும்பிட மாட்டேன்" என்றார் கருப்பையா. "பெத்தவன் கும்பிடக் கூடாது. ஒரே ஒரு வார்த்தை கேக்கிறேன். நாளைக்கு வருவியா?"

வெளியே பனி இறங்கி எதிர் லயத்தை மூடிக்கொண்டு வந்தது. சுகுமாரன் சட்டைக் கைகளை மடக்கிவிட்டிருந்தான். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டான். ஹெல்மெட்டை எடுத்தான். வாசலில் ஒரு கணம் நின்றான். அப்பா அசையவில்லை. பரமேஸ்வரிக்கு அண்ணனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரிந்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவன் படியிறங்கிப் போனான்.